அக்கா தத்தெடுத்த குதிரை

மாநிலச் சிறை, நெவாடா
3 மார்ச் 1996

அன்பு அக்கா,

இந்தக் குளிரை உன் முட்டி தாங்கியதா? அத்தானின் இருமல் விட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சோளரொட்டியும் பீன்ஸும் தின்றே கன்னத்தில் சதை வைத்திருக்கிறது, நேரில் பார்த்தால் சிரிப்பாய்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். நேராகக் கேட்டுவிடுகிறேன், சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. போன இலையுதிர் காலத்தில் என்னைக் குதிரைப் பட்டியில் வேலைக்குப் போட்டார்கள் என்று எழுதினேன் இல்லையா? சர்க்கார் ஹெலிகாப்டர் விட்டுப் பாலையிலிருந்து விரட்டிப் பிடித்துக்கொண்டு வரும் காட்டுக் குதிரைகளை, எங்களைப் போலக் காட்டுத்தனம் பண்ணி உள்ளே வந்தவர்கள் பழக்குகிறோம். பழகினதும் ஜனங்களைக் கூப்பிட்டு, ஏலம் விட்டுத் தத்துக் கொடுப்பார்கள். என் பங்குக்கு வந்தவன் சாம்பல் நிறத்தான். மூக்கு மட்டும் வெள்ளை, சமையல் சோடா டப்பாவுக்குள் விட்டு எடுத்த மாதிரி. அதனால் பெயரும் சோடா.

வந்த புதிதில் என்னைப் பார்த்தாலே முதுகைத் திருப்பிக்கொள்வான். நானும் பட்டிக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, என்னென்னவோ பேசிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பின்னாலிருந்து வந்து என் தொப்பியை மோந்து பார்த்தான். அக்கா, அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துப் பட்டிக்காரன் பார்த்துவிடுவானே என்று தூசி விழுந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

ஏப்ரலில் தத்து நாள். கைதி எடுக்க முடியாது. நீ எடுத்துக்கொள். ஒரு வருஷம் வரை அவன் சர்க்கார் சொத்து, யாராவது வந்து பார்த்துப் போவார்கள். ஒரு வருஷம் ஒழுங்காக வைத்திருந்தால் உன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிறகு நான் வந்துவிடுவேன். உங்கள் பண்ணையில் காற்றாலைக்குப் பக்கத்தில் இருக்கிற வேலையாள் அறை எனக்குப் போதும். குதிரை பழக்கத் தெரிந்தவன் என்று நாலு பேர் தேடி வந்தால் அதிலேயே பிழைத்துக்கொள்வேன்.

ஒரே சிக்கல், வேலி. ஆறடி இருக்க வேண்டும் என்பது சட்டம். உன் வேலி நெஞ்சு உயரம்தான். பட்டியின் மேலாளர் ஹோலிஸிடம் போய் நின்றேன். "வேலி குட்டையா இருக்கலாம் சார். எங்க அக்கா வாக்கு குட்டையில்ல" என்றேன். மனுஷன் படிவத்தை இழுத்துப் பேனாவை எடுத்தார். பிறகு, "உன்னை நம்பித்தான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். பழகின குதிரைக்கு விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமாம்.

மாட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் தம்பி,
ராய்ஸ்


பிட்டர் வெல்ஸ், நெவாடா
21 மார்ச் 1996

ராய்ஸுக்கு,

முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது. அத்தானுக்கு இருமல் நின்று தும்மல் வந்திருக்கிறது. பசுக்கள் கன்று போடுகிற சமயத்தில் பனி கொட்டியதால் இரண்டு பேருமே பதிலெழுத உட்காரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே கைக்கு வந்துவிட்டது. நெட்டி இப்போது தபாலாபீஸில் வேலை பார்க்கிறாள். உன் டிரக்கில் அடிபட்டு அவள் புருஷன் கார்ல் போனதிலிருந்து அவளுக்கு வேறு வழியில்லை. சிறை முத்திரை குத்தின கவரைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். "உன் தம்பிகிட்டேருந்து" என்று நீட்டினாள்.  வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தானிடம் குதிரை விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளையைத் தத்தெடுப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். மூக்கு வெளுத்த குதிரையையுமா?" என்று கேட்டார். ஆனால் மறுநாளே வேலியின் மேல் இன்னொரு கம்பி இழுக்க ஆரம்பித்துவிட்டார். எடுத்துக்கொள்கிறோம். ஏப்ரலில் ட்ரெய்லரோடு வருகிறோம்.

கழுத்துக்கு நான் பின்னி அனுப்பிய கம்பளித் துணியைப் போட்டுக்கொள். உள்ளே குளிர் இல்லை என்று நீ சொன்னால் நான் நம்பமாட்டேன்.

லொரீன்


மாநிலச் சிறை
24 ஏப்ரல் 1996

என் தங்க அக்கா,

வீடு போய்ச் சேர்ந்தீர்களா? வழியில் சோடா ஏதாவது கலாட்டா பண்ணினானா? அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சந்தோஷத்தில்.

எவ்வளவு கூட்டம் பார்த்தாயா! பலகைப் படிக்கட்டு முழுக்க ஜனம். குழந்தைகள் கையில் பர்கர், கிழவர்கள் கையில் காப்பி. நாங்கள் வட்டத்துக்குள் சுற்றி வரும்போது திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி கை தட்டினார்கள். என்னைப் பார்த்து வெளி ஜனங்கள் கை தட்டியது இதுதான் முதல் தடவை. உன்னோடு பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அதனால்தான் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் உன் பச்சைக் கோட்டை வந்தவுடனேயே பார்த்துவிட்டேன்.

தாடிக்காரன் ஒருத்தன் விடாமல் அட்டையைத் தூக்கிக்கொண்டே இருந்தானே, அவனை அங்கேயே இறங்கிப்போய்க் கடித்திருப்பேன். நீயும் விடவில்லை. கடைசியில் அவன் அட்டையை மடியில் வைத்தபோது சோடாவின் காதுக்குள், "போடா, வீட்டுக்குப் போ" என்றேன். ஹோலிஸ் என்னைக் கடந்து போகும்போது தோளைத் தட்டினார். அவர் யாரையும் தொடமாட்டார்.

அவனுக்கு இடது பக்கமிருந்து ஏறினால்தான் பிடிக்கும். பிடரிமயிரை வலது பக்கம் ஒதுக்கினால் சர்க்கார் போட்ட வெள்ளை முத்திரை தெரியும். அங்கே சொறிந்தால் உதட்டை நீட்டுவான். அத்தானைச் செய்து பார்க்கச் சொல்.

வேலையாள் அறையின் கூரை ஒழுகுகிறதா? நான் வந்து தார் பூசிக்கொள்கிறேன், அத்தான் ஏற வேண்டாம்.

உன்
ராய்ஸ்


பிட்டர் வெல்ஸ்
30 ஜூன் 1996

ராய்ஸுக்கு,

நீ எழுதின இரண்டு கடிதங்களும் வந்தன. புல் அறுப்பு நடக்கிறது, கை ஒழியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பல்வலி என்று எழுதியிருந்தாய். பிடுங்கிவிட்டார்களா, இல்லை இன்னும் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாயா?

குதிரை நன்றாக இருக்கிறது. முதல் வாரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பயந்தது, இப்போது அதற்குள்ளேயே காலை விட்டுக்கொண்டு நிற்கிறது. அத்தான் அதனோடு பேசுகிறார். என்னோடு இந்த வருஷம் பேசினதைவிட அதனோடு அதிகம் பேசியிருப்பார். காலையில் பிஸ்கட்டில் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

சர்க்கார் ஆள் வந்து பார்த்தார். வேலியை ஒரு தடவை பார்த்தார், குதிரையை ஒரு தடவை பார்த்தார், வேலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நெட்டி எங்கள் முன்வரிசையில்தான் உட்காருகிறாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லொரீன்


மாநிலச் சிறை
11 நவம்பர் 1996

அன்பு அக்கா,

நன்றிகூறும் நாளுக்கு வான்கோழி வைப்பீர்களா, இல்லை போன வருஷம் மாதிரி அத்தான் அதைக் கரியாக்குவாரா? எனக்குப் பல் போய்விட்டது, வலியும் போய்விட்டது. பேசும்போது விசில் சத்தம் வருகிறது. அதைக் கேட்டுப் புதுக் குதிரைகள் காதை நிமிர்த்துகின்றன. ஆண்டவன் கொடுத்த வசதி.

பிஸ்கட் விஷயம் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தான். அத்தானுக்குச் சொல், ரொட்டி கொடுத்தால் வயிறு உப்பும், கேரட் கொடுக்கட்டும். நீ அவன் மேல் ஏறிப் பார்த்தாயா? உன் முட்டிக்கு அவன் நடை பஞ்சு மாதிரி இருக்கும்.

இங்கே இந்த வருஷம் இன்னும் இரண்டு தத்து நாட்கள் வந்து போயின. நான் பழக்கிய ஒரு பழுப்பு நிறத்தானை ஒரு போலீஸ்காரர் எடுத்துக்கொண்டு போனார். என்னை உள்ளே பிடித்துப்போட்டவர்களுக்கு நானே குதிரை பழக்கிக் கொடுக்கிறேன் பார். பிரிவதில் எனக்கு வருத்தமில்லை. என்னுடையவன் ஒருத்தன் வீட்டில் இருக்கிறான் என்ற நினைப்பு போதும்.

அறையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. அடுப்பு வேலை செய்கிறதா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன் தம்பி
ராய்ஸ்


பிட்டர் வெல்ஸ்
26 ஜனவரி 1997

ராய்ஸுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக அமையட்டும். எங்களுக்குப் பனி கதவு வரை ஏறிவிட்டது. அத்தான் தினமும் வழி வெட்டுகிறார், தினமும் மூடிக்கொள்கிறது. இருவருக்கும் உடம்பு சுகம்தான்.

குதிரைக்குக் குளிர்கால மயிர் அடர்த்தியாக வந்திருக்கிறது. கரடிக்குட்டி மாதிரி நிற்கிறது. போட்டோ எடுத்தோம். கழுவிக்கொண்டு வந்ததும் அனுப்புகிறேன்.

அறையில் தீவன மூட்டைகளைப் போட்டிருக்கிறோம்.

நெட்டி போன மாதம் சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான். வாசலில் அவள் பெரிய பையன் நின்றுகொண்டிருந்தான். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. சின்ன ஊர் இது, ராய்ஸ். எங்கே திரும்பினாலும் அவர்கள் முகம்தான்.

லொரீன்


மாநிலச் சிறை
15 மே 1997

அக்கா!

முதலில் உன் உடம்பு, அத்தான் உடம்பு எல்லாம் நன்றாக இருக்கட்டும். இப்போது விஷயத்துக்கு வருகிறேன், என்னால் அடக்க முடியவில்லை.

இரண்டு நல்ல செய்தி. ஒன்று உனக்கே தெரியும். வருஷம் முடிந்து சோடா உன் பெயருக்கு வந்துவிட்டான் என்று ஹோலிஸ் சொன்னார். "உங்க அக்கா சொன்னபடி நடந்துட்டாங்க" என்றார். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது.

இரண்டாவது செய்தி, விடுதலை வாரியம் எனக்குத் தேதி கொடுத்துவிட்டது. வருகிற மார்ச். எங்கே போய்த் தங்குவாய் என்று கேட்டார்கள். உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் கேட்டு எழுதுவார்கள், ஆமாம் என்று சொன்னால் போதும்.

தீவன மூட்டைகளை நான் வந்து நகர்த்திக்கொள்கிறேன். மூட்டைக்கு மேலேயேகூடப் படுத்துக்கொள்வேன். காலையில் எழுந்து கதவைத் திறந்தால் சோடா நிற்பான் இல்லையா? அது போதும் எனக்கு.

போட்டோ இன்னும் வரவில்லையே?

உன்
ராய்ஸ்


பிட்டர் வெல்ஸ்
8 செப்டம்பர் 1997

ராய்ஸுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். வறட்சி. ஓடை ஜூலையிலேயே வற்றிவிட்டது. எனக்குக் கொஞ்ச நாளாகத் தலைவலி, பயப்படும்படி இல்லை.

போட்டோ இதோடு வைத்திருக்கிறேன்.

வாரியத்திலிருந்து எழுதியிருந்தார்கள். யோசித்துப் பதில் போடுகிறோம்.

லொரீன்


மாநிலச் சிறை
13 அக்டோபர் 1997

அக்கா,

தலைவலி விட்டதா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

போட்டோ வந்ததும் பட்டி முழுக்கக் காட்டினேன். பனியில் நிற்கிறான். செப்டம்பரில் பிட்டர் வெல்ஸில் ஏது பனி என்று ஒருத்தன் கேட்டான். "எங்கக்கா சோம்பேறிடா, ஜனவரியில எடுத்ததை இப்பதான் அனுப்புறா" என்று நானே உன் சார்பில் சிரித்தேன்.

நேற்று ஸ்டாம் வந்திருந்தார். உனக்குத் தெரியும், மாநிலத்தில் மாடு குதிரை கைமாறினால் முத்திரை பார்த்துச் சீட்டு கொடுக்கிற ஆய்வாளர். தத்து நாளுக்கு முன்னால் எப்போதும் வருவார். நல்ல மனுஷன், வாய் ஓயாது. என்னைப் பார்த்ததும், "உன் அக்கா அந்த வெள்ளை மூக்கனை ஜூலையில சந்தைக்குக் கொண்டாந்தாங்களே, நீ வெளிய வந்தா வேற வாங்கித் தரப்போறாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். பேச்சை மாற்றப் பார்த்தார். விடாமல் கேட்டேன். தெற்கே கசாப்புக்கூடத்துக்கு லாரி ஓட்டுகிறவன் வாங்கினானாம்.

ஏற மறுத்தானா, உதைத்தானா என்று கேட்டேன். "இல்லப்பா. ஆட்டுக்குட்டி மாதிரி தானா ஏறிச்சு. அவ்வளவு நல்லாப் பழக்கியிருந்த" என்றார். பாராட்டாகச் சொன்னார், அக்கா. காட்டிலேயே இருந்திருந்தால் அவன் அந்த லாரியை எட்டி உதைத்திருப்பான், அவன் கிட்டே ஒருத்தனும் நெருங்கியிருக்க முடியாது. மனுஷனை நம்பலாம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்.

ஹோலிஸிடம் நானே போய்ச் சொன்னேன். வேறொருத்தர் வாயால் அவர் கேட்கக் கூடாது. அவர் என்னைத் திட்டவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே, "வேலி விஷயத்துல இனி யாருக்கும் தளர்த்த மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எதற்காக? இதற்கு மட்டும் பதில் எழுது.

ராய்ஸ்


பிட்டர் வெல்ஸ்
2 நவம்பர் 1997

ராய்ஸ்,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

வறட்சி என்று எழுதினேனே. புல் இல்லை, வைக்கோல் வாங்க வழியில்லை. மாடுகளையே பாதி விற்றோம். உன் அத்தான்தான் குதிரையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். அவரோடு எவ்வளவு மல்லுக்கு நிற்பது? சந்தையில் விட்டோம், நல்ல கைக்குத்தான் போகும் என்று நினைத்தோம். லாரிக்காரன் வாங்குவான் என்று யாருக்குத் தெரியும்? உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு குதிரை எடுத்துத் தருகிறேன். சத்தியமாக.

லொரீன்


பிட்டர் வெல்ஸ்
30 ஜனவரி 1998

ராய்ஸ்,

கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய காலுறைகள் கிடைத்தனவா? மூன்று கடிதம் போட்டுவிட்டேன். ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்கிறாய். உடம்பு சரியில்லையா? அதையாவது யாரையாவது விட்டு எழுதச் சொல்.

பிப்ரவரியில் தத்து நாள் என்று செய்தித்தாளில் பார்த்தேன். செம்பட்டை நிறப் பெட்டை ஒன்றை நீ ஓட்டுகிறாய் என்று போட்டிருந்தது. நான் வருகிறேன். தனியாக வருகிறேன்.

லொரீன்


பிட்டர் வெல்ஸ்
23 பிப்ரவரி 1998

ராய்ஸ்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறாய்.

படிக்கட்டு நிறைய ஜனம். ஒரு பெண்மணி அந்தப் பெட்டைக் குதிரை குழந்தைகளோடு எப்படிப் பழகும் என்று கேட்டாள், பதில் சொல்ல உன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் அட்டையைத் தூக்கினேன். நீ என் பக்கம் திரும்பினாய். "அந்தப் பச்சைக் கோட்டு அம்மாவுக்குக் குடுக்காதீங்க. அது எங்கக்கா. போன தடவை இங்கேருந்து எடுத்துட்டுப் போனதைக் கசாப்புக்கு அனுப்பிட்டா." நீ கத்தவில்லை. வானிலை சொல்கிற மாதிரி சொன்னாய். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் தன் காப்பியை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். கார் வரை நான் எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நன்றாகச் செய்தாய். எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் நீயும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இப்போது கேட்டுக்கொள்.

அத்தான் மேல் பழி போட்டேன். பொய். அந்த மனுஷன் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினார். "நம்ம வைக்கோல்ல ஒரு குதிரைக்கு இடமில்லையா, லொரீன்?" என்று கேட்டார். அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து நான்தான் சந்தைக்குக் கொண்டுபோனேன். யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க நிற்கவில்லை. நின்றிருந்தால் தெரிந்திருக்கும், தெரியக் கூடாது என்றுதான் நிற்கவில்லை. அத்தான் இன்றுவரை காலையில் பட்டிப் பக்கம் போவதில்லை.

வறட்சியும் காரணமில்லை, வைக்கோலும் காரணமில்லை. குதிரை இங்கே இருந்தால் நீ இங்கே வருவாய். அதற்காகத்தான்.

நீ வந்தால் என்ன ஆகும்? காற்றாலைக்குப் பக்கத்து அறையில் நீ இருப்பாய், ஊருக்குள் போவாய், தபாலாபீஸுக்குப் போவாய். நெட்டி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று உனக்கு ஸ்டாம்பு கொடுப்பாள். அவள் பையன்கள் பார்ப்பார்கள். நான் எந்த முகத்தோடு இந்த ஊரில் நடப்பது? குடித்துவிட்டு ஓட்டினது நீ. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அவள் எதிரில் போய் நின்றது நான். எத்தனை கடிதத்தில் அவளைப் பற்றி எழுதினேன்! நீ ஒரு தடவையாவது, எப்படி இருக்கிறாள் என்று கேட்டாயா? குதிரைக்கு வயிறு உப்பும் என்று எழுதினாய்.

வாரியத்துக்கு முடியாது என்று எழுதிவிட்டேன்.

லொரீன்


மாநிலச் சிறை
6 மார்ச் 1998

அக்கா,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். மைக் விவகாரத்துக்காக என்னைப் பட்டியை விட்டு எடுத்துவிட்டார்கள். கடைசி வாரங்கள் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். அந்தச் செம்பட்டையை, அன்றைக்குக் கேள்வி கேட்ட பெண்மணியே எடுத்துக்கொண்டு போனாள். நல்லவளாகத் தெரிந்தாள். நீயும்தான் அப்படித் தெரிந்தாய்.

நெட்டியைப் பற்றி நான் கேட்டதில்லை. உண்மை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று நினைத்தேன். கவர் அவள் கை வழியாகப் போகும் என்று நீ எழுதினதிலிருந்து, விலாசத்தை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோணாமல் எழுதுவேன். கோணினால் கவரைக் கிழித்துப்போட்டு வேறு எடுப்பேன். உன்னிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். கார்லைக் கொன்றவன் நான்தான், அதுவும் என்னோடு வரும், எந்த ஊருக்குப் போனாலும்.

என்னை ரீனோவில் ஒரு விடுதியில் போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு பந்தயக் குதிரைக் கொட்டிலில் சாணி அள்ள ஆள் வேண்டுமாம். ஹோலிஸ்தான் சொல்லி வைத்திருக்கிறார், அதற்குப் பிறகும்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பழையபடி காலையில் பட்டிப் பக்கம் போகட்டும் என்று சொல்.

நான் வரக் கூடாது என்றால் வராதே என்று எழுதியிருக்கலாம். ஒரே வார்த்தை. நான் வந்திருக்க மாட்டேன், அக்கா. உன்மேல் ஆணை, திரும்பி ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன். ஹோலிஸ் காலில் விழுந்தாவது சோடாவுக்கு வேறு ஒரு வீடு பார்த்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையை எழுத உனக்குக் கை வரவில்லை. ட்ரெய்லரை மாட்டி, அவனை ஏற்றி, சந்தை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போக மட்டும் கை வந்திருக்கிறது.

ராய்ஸ்